மூன்று நாள் கட்டு

பொங்கலன்று காலையில், முதல் பஸ்ஸிலேயே மலையேறி வந்த அம்சவள்ளி, வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடப் பிரிக்காமல் வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

"இன்னா, காலு வலிக்குதா?" என்று கேட்டான் அவள் கணவன் மாதன்.

"வலிக்கல. சும்மா ஒக்காரணும்னு ஆசையா இருக்குது."

அது ஆறு வருடத்து ஆசை. கள்ளக்குறிச்சியில் ஒரு மூன்று மாடித் துணிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் அவள் ஆறு வருடமாக நின்றுகொண்டிருக்கிறாள். வேலை பார்க்கிறாள் என்று சொல்வதைவிட நிற்கிறாள் என்று சொல்வதுதான் சரி. காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், வராவிட்டாலும் நிற்க வேண்டும். தூணில் சாய்ந்தால் மேலாளர் விஜயராகவன் தொண்டையைக் கனைப்பார். அந்தக் கனைப்புச் சத்தம் கேட்டால் மாடியில் இருக்கிற முப்பது பெண்களின் முதுகும் ஒரே நேரத்தில் நிமிரும்.

தீபாவளி, பொங்கல் வியாபாரத்துக்கு ஒருநாள்கூட விடாமல் வந்தவர்களுக்குப் பொங்கலோடு சேர்த்து நான்கு நாள் விடுமுறை என்று முதலாளியே எல்லோரையும் கூட்டிவைத்துச் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அம்சவள்ளியும், அவள் ஊர்க்காரிகளான அபிநயாவும் தேவதர்ஷினியும் வந்திருந்தார்கள். மூவரும் கள்ளக்குறிச்சியில் ஒரே அறையில் தங்குகிறவர்கள். சின்னவர்கள் இருவருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது.

வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போனால் மேல்நொச்சி. அறுபது வீடு. மாட்டுப்பொங்கல் தொடங்கி மூன்று நாளைக்கு அங்கே ஊர்க்கட்டு. அந்த மூன்று நாளும் ஏர் பூட்டக் கூடாது, மண்வெட்டியைத் தொடக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டிக் கூலிக்குப் போகக் கூடாது. கோயில் திடலில் ஊரே ஒன்றாகச் சாப்பிட வேண்டும். மாடுகளைக்கூட யாரும் அதட்டுவதில்லை.

மாட்டுப்பொங்கல் காலையில், ஓடையில் மாடு கழுவுகிற கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அம்சவள்ளி. கணுக்கால் வீக்கத்தைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. அப்போது அபிநயா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"யக்கா, மேனேஜர் போன் பண்ணிக்கினே இருக்காரு. உன்னாண்ட பேசணுமாம்."

ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். ஈரக்காலோடு அங்கே போய் நின்று போனைக் காதில் வைத்தாள்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு நீயும் அந்த ரெண்டு பொண்ணுங்களும் கடையில இருக்கணும்" என்றார் விஜயராகவன்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் லீவு சார். மொதலாளி சொன்னாரு."

"அவர் சொன்னாரு, இப்ப நான் சொல்றேன். சின்னசேலத்துல இருந்து கல்யாணப் பார்ட்டி வருது. முப்பது பட்டுப்புடவை எடுக்கறாங்க. பட்டு பிரிச்சுக் காட்டத் தெரிஞ்சவங்க நீங்க மூணு பேருதான். வரலன்னா திங்கக்கிழமையும் வர வேணாம்."

ஆறு வருடமாக இந்தக் குரலுக்கு அவள் வாயிலிருந்து வந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: சரிங்க சார். இப்போதும் அதுதான் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் ஓடைத் தண்ணீர் இன்னும் பாதத்தில் குளிர்ந்துகொண்டிருந்தது.

"எங்க ஊருல கட்டு சார். மூணு நாளைக்கு யாரும் வேலைக்குப் போவக் கூடாது. மாடுகூட போவாது."

அவர் சிரித்தார். "நீ என்ன மாடா?"

"மாட்டுக்கே லீவு இருக்குது சார். எனக்கு இல்லியா?"

சொல்லிவிட்டு அவளே போனைத் துண்டித்தாள். அபிநயா கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை போய்விடும் என்று அம்சவள்ளிக்குத் தெரியும். பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று துள்ளியது. அதை அவளால் மறைக்க முடியவில்லை, சிரித்துவிட்டாள்.

வீட்டு வாசலில் மாதன் கூட்டாளிகள் ஐந்து பேரோடு கட்டிலில் இருந்தான். கொம்புகளுக்குச் சாயம் அடித்து முடித்த களைப்பு. அம்சவள்ளி நடந்ததைச் சொன்னாள். முதலில் அவன் முகம் வாடியது. வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற கணக்கு அதில் ஓடியது. பிறகு கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நல்லாதான் சொல்லியிருக்கற. கட்டுன்னா கட்டுதான். யாருக்காவ மாத்தறது? சரி வள்ளி, ஆறு டீ போடு."

அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்தாள். தீக்குச்சியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு குச்சியைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"இன்னா, பால் இல்லியா?"

"பால் இருக்குது. நான் இப்பதான் ஒருத்தர்கிட்ட எங்க ஊருல மூணு நாளு யாரும் வேலை செய்யமாட்டோம்னு சொல்லிட்டு வந்தேன். இப்ப டீ போட்டா நான் சொன்னது பொய்யா பூடும்."

ஆறு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நேராகக் கோயில் திடலுக்கு நடந்தாள்.

அங்கே விடியற்காலையிலிருந்து பெண்கள் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று பெரிய அண்டா. ஒன்றில் சாமைச் சோறு, ஒன்றில் மொச்சைக் குழம்பு, இன்னொன்றில் பொங்கலுக்கு உலைநீர். மாதனுடைய அண்ணன் மனைவி பொன்னாயி புகையில் கண் சிவக்கத் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி அவள் பக்கத்தில் போய் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏண்டி, பூசணிக்கா அரிய வேணாமா?"

"கட்டு நடக்குதுக்கா. இன்னிக்கு நாம வேலை செய்யக் கூடாது."

"கட்டு நமக்கு இல்லடி."

"நமக்கு இல்லன்னு யாரு சொன்னது?"

யார் சொன்னது என்று பொன்னாயிக்குத் தெரியவில்லை. யாரும் சொன்னதாக நினைவில்லை. துடுப்பை அண்டாவின் மேல் குறுக்காக வைத்துவிட்டு, "அப்பாடா" என்று அம்சவள்ளியின் பக்கத்தில் சரிந்தாள். மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தவள் எழுந்து கையைக் கழுவினாள். தண்ணீர் சுமந்து வந்த இருவர் குடத்தை இறக்கி வைத்து அங்கேயே உட்கார்ந்தார்கள். சொல்லிவைத்த மாதிரி ஒவ்வொரு கையாக ஓய்ந்தது.

செய்தி போன வேகத்தில் ஊர்க்கவுண்டர் மாயவன் வந்துவிட்டார். பின்னால் பாதி ஊர். கட்டு போடுவதும் அவிழ்ப்பதும் அவர் பொறுப்பு.

"இன்னாம்மா இது? சாமிக்குப் படைக்கிற நேரத்துல அடுப்ப வுட்டுட்டு ஒக்காந்துக்கினு இருக்கறீங்க?"

"மாமா, கட்டுல இன்னா சொல்லி இருக்குது? நீங்கதான சொல்லணும்" என்றாள் அம்சவள்ளி.

"மூணு நாளு வேலை செய்யக் கூடாது. அது எல்லாருக்கும் தெரியும்."

"மூணு அடுப்புக்கு வெறகு ஒடச்சி, அறுபது வூட்டுக்குச் சோறாக்கறது வேலை இல்லீங்களா?"

"அது எப்புடி வேலையாவும்? சமைக்கறது வேலைல சேராதும்மா. அது சும்மா வூட்டு வழக்கம்."

"அப்போ சரிங்க மாமா. அது வேலை இல்லன்னா, ஆம்பளைங்க செஞ்சாலும் கட்டு மீறினதா ஆவாது. செய்யச் சொல்லுங்க."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அது பரவியது. மாயவன் கவுண்டர் நியாயம் பேசுவதில் பெயர் எடுத்தவர், அதனாலேயே மாட்டிக்கொண்டார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேலைதான் என்று சொன்னால் பெண்களை எழுப்ப முடியாது. வேலை இல்லை என்றால் ஆண்கள் தப்ப முடியாது. கடைசியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு துடுப்பை அவரே எடுத்தார்.

"டேய் மாதா, நீ பூசணிக்காய அரி."

சோறு அடிப்பிடித்தது. மொச்சை பாதிதான் வெந்திருந்தது. இரண்டு பேர் தனித்தனியாக உப்புப் போட்டிருந்தார்கள். பூசணிக்காயை முடித்துவிட்டு வெங்காயம் உரித்த மாதன் தலைகுனிந்து அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து, எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் கைதட்டினார்கள். பொன்னாயி அரசமரத்து நிழலில் படுத்தே விட்டாள். கல்யாணமாகி வந்த இருபத்தெட்டு வருடத்தில் பொங்கல் பகலில் அவள் தூங்கி யாரும் பார்த்ததில்லை. மதியம் மூன்று மணிக்குத்தான் பந்தி. தீய்ந்த வாடை அடித்த அந்தச் சோற்றை ஊரே பசியோடு தின்றது.

மறுநாள் சனிக்கிழமை எருதாட்டம். ஒவ்வொரு வருடமும் சமையலை முடித்துவிட்டுப் பெண்கள் வருவதற்குள் பாதி மாடு ஓடி முடிந்திருக்கும். இந்த முறை காலையிலேயே திடலின் மேட்டுப் பாறையில் அத்தனை பெண்களும் இடம் பிடித்து விட்டார்கள். கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டு, மாடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு, ஒருத்தி தலையை இன்னொருத்தி பின்னிக்கொண்டு இருந்தார்கள். ஆட்டம் முடிந்து மாடுகளை ஓரமாகக் கட்டும்போது, கடையின் வெள்ளை வேன் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது.

விஜயராகவனே வந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை. மலை வளைவுகளில் குமட்டியிருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது. திடலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒருவர்தான் நின்றார். மாயவன் கவுண்டர் நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"பார்ட்டி வந்து காத்துக்கிட்டு இருக்கு. மூணு பேரும் ஏறுங்க. சாயங்காலம் வேன்லயே கொண்டாந்து விட்டுடறேன்."

"வரலீங்க சார்" என்றாள் அம்சவள்ளி.

"உக்காந்துக்கிட்டே பதில் சொல்றியா நீ?"

"இது கடை இல்ல சார், எங்க ஊரு. நீங்களும் ஒக்காருங்க. சாப்டு போங்க. வேலை விஷயம் திங்கக்கிழமை பேசலாம்."

அவர் வழக்கம்போல் தொண்டையைக் கனைத்தார். மூன்று பெண்களில் தேவதர்ஷினியின் முதுகு மட்டும் நிமிர்ந்தது. அவள் அப்பா கீழே விழுந்து இடுப்பொடிந்து படுத்திருக்கிறார். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். எழுந்து அம்சவள்ளியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள்.

"யக்கா, நான்..."

"போ தர்ஷினி. ஒண்ணும் இல்ல" என்ற அம்சவள்ளி, கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

தர்ஷினி வேனில் ஏறினாள். பொன்னாயி ஓடிப்போய் வேன் சன்னல் வழியாக இரண்டு கரும்புத் துண்டைத் தர்ஷினி மடியில் போட்டாள். அபிநயா அம்சவள்ளியின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கட்டு அவிழ்க்கிற கூட்டத்தில் வாக்குவாதம் சூடாக நடந்தது. மாட்டுப்பொங்கல் ஒருநாள் மட்டும் சமைக்கிறோம் என்றார்கள் ஆண்கள். மூன்று நாளும்தான் கட்டு, மூன்று நாளும் சமையுங்கள் என்றார்கள் பெண்கள். முடிவாகவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று எழுந்த கவுண்டரைப் பொன்னாயி, "பாப்போம் மாமா, நாங்களும் இங்கதான் இருப்போம்" என்று சொல்லி அனுப்பினாள்.

திங்கட்கிழமை அம்சவள்ளியும் அபிநயாவும் கடைக்குப் போனபோது, பேரை எடுத்துவிட்டார்கள் என்று வாசலிலேயே காவலாளி நிறுத்திவிட்டான். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். "குடுத்த லீவ எடுத்ததுக்கு எதுக்கு மன்னிப்பு?" என்று கேட்டுவிட்டு அம்சவள்ளி திரும்பி நடந்தாள். அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் அபிநயா கொஞ்சம் அழுதாள்.

வியாழக்கிழமை மாதனோடு மரவள்ளிக் கிழங்கை மூட்டை கட்டிக்கொண்டு அம்சவள்ளி தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது போன் அடித்தது. விஜயராகவன். குரலில் கனைப்பு இல்லை. சின்னசேலத்துக்காரர்கள் பாதிப் புடவைதான் எடுத்தார்களாம், தர்ஷினி ஒருத்தியால் சமாளிக்க முடியவில்லையாம். தை முகூர்த்தம் வரிசையாக வருகிறதாம்.

"நாளைக்கே ரெண்டு பேரும் வந்துடுங்க. நடந்ததை விட்டுடுவோம்."

"வரோம் சார். ஆனா லீவுன்னு சொன்னா லீவுதான். நடுவுல கூப்புட மாட்டோம்னு ஒரு தாள்ல எழுதி, மொதலாளி கையெழுத்து போட்டு அனுப்புங்க. மூணு பேரு பேரும் அதுல இருக்கணும்."

"ரொம்பப் பேசற நீ."

"ஆமா சார்."

மாதன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டான்: "இன்னா சொன்னாரு?"

"யோசிச்சு சொல்றாராம்."

"நீ?"

"மெதுவா யோசிங்கன்னு சொன்னேன்."

இரண்டு நாள் கழித்து அந்தத் தாளின் படம் அபிநயாவின் போனுக்கு வந்தது.