பதிமுக நிறத்தில் ஒரு கிணறு

சோதனைக்கென்று லேப்புக்குக் கொண்டுபோன கிணற்றுத் தண்ணீரை, பஸ் கிள்ளிப்பாலம் தாண்டுவதற்குள் நானே குடித்துவிட்டேன். பையில் இரண்டு பாட்டில்கள். ஒன்றில் சாம்பிள், இன்னொன்றில் என் மனைவி ஜானவி பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். திருவனந்தபுரத்தில் குடிதண்ணீர் என்றால் அந்தப் பட்டையின் செந்நிறத்தில்தான் இருக்கும். எங்கள் கிணறோ மழைக்குப் பிறகு தானாகவே அந்த நிறத்துக்கு வந்திருந்தது. பாதி பாட்டில் உள்ளே போன பிறகுதான் பீரோ சாவியைச் சப்பியதுபோல் நாக்கில் ஒரு ருசி.

லேப்பில் சாம்பிள் வாங்குகிற ஜிஜி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். எல்லையோரப் பாறசாலைக்காரி; தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும்.

“சேட்டா, பாக்கி சாம்பிள் எவிடே?”

“உள்ளதான் இருக்கு,” என்று வயிற்றைத் தடவிக் காட்டினேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வாய் வைத்தது ஆகாது, புதிதாகப் பிடித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன், இந்தமுறை குடிக்காமல்.

இத்தனைக்கும் காரணம் என் வேட்டி. ஜானவிக்கு ஏழாம் மாசம் பிறந்ததிலிருந்து வீட்டில் துவைக்கிற வேலை என்னுடையது. வெள்ளை வேட்டிகள் ஒவ்வொன்றாகக் காவிக்கு மாறின.

“ஏன்னா, சந்நியாசம் வாங்கிக்கப் போறேளா? கொழந்தை பொறந்தப்பறம் போங்கோளேன்,” என்றாள் ஜானவி.

சோப்பை மாற்றினேன். வாளியை மாற்றினேன். வாளிக்குள் இருப்பதைச் சந்தேகிக்கிற அளவுக்கு மூளை வேலை செய்யவில்லை. பதிமுகம் போட்டுப் போட்டு, சிவந்த தண்ணீர் என்றாலே எங்களுக்கு ஆரோக்கியம். கரமனையில் எங்கள் தெருக் கிணறுகள் எப்போது சிவந்தன என்று ஒருவருக்கும் தெரியாது. குழாய்த் தண்ணீரை மட்டும் குளோரின் வாடை என்று தொடமாட்டோம். அவ்வளவு நுட்பமான நாக்கு.

பிறகுதான் பேப்பரில் பார்த்தேன். ஆற்றுக்கு மேலே மலைச்சரிவில், எந்தக் காலத்திலோ கைவிட்ட ஒரு சுரங்கம். தோண்டிக் கொட்டிய கழிவு மேடு ஒவ்வொரு மழைக்கும் கரைந்து ஆற்றில் இறங்குகிறதாம். ஆறு எங்கள் கொல்லையை ஒட்டித்தான் போகிறது. ஆற்றில் நீர் ஏறினால் கிணற்றிலும் ஏறும். அன்றைக்குப் பிடித்தது பயம். ஜானவி இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

கேன் தண்ணீர் வாங்கி வைத்தேன். பிளாஸ்டிக் வாடை என்று அவள் துளசிக்கு ஊற்றிவிட்டாள். காரணத்தைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை; பிள்ளைத்தாச்சியைப் பயமுறுத்தக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கௌரவமான சாக்கு சொல்லிக்கொண்டேன்.

தெரு சங்கச் செயலாளர் சாம்பசிவன் மாமாவிடம் கேட்டேன்.

“மழைக்கு ஆறு செவக்காம பச்சையாவாடா ஓடும்? எங்கப்பா இதக் குடிச்சுண்டுதான் தொண்ணூறு வரைக்கும் ஜம்முனு இருந்தார்.”

“நீங்க குடிக்கறேளா மாமா?”

“எனக்கு வயித்துக்கு ஒத்துக்கலடா. பையன் ஃபில்டர் வாங்கிப் போட்டிருக்கான்.”

அரசாங்க அலுவலகம் ஒன்றில் கேட்டதற்கு, விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். கடைசியில்தான் நானே பாட்டிலில் பிடித்துக்கொண்டு லேப்புக்குக் கிளம்பினேன். நானும் யோக்கியமில்லை. எங்கே போனாலும் கேள்விக்கு முன்னால் ஒரு ஜோக்கை அனுப்பிவைப்பேன். ஜோக்குக்குப் பதில் வந்துவிடும். கேள்வி அப்படியே வீடு திரும்பும்.

ரிப்போர்ட் வாங்கப் போன அன்றும் அதே கதைதான்.

“இரும்பு கூடுதல் ஆணு சேட்டா,” என்றாள் ஜிஜி.

“நல்லதாப் போச்சு, டாக்டர் குடுத்த இரும்பு மாத்திரைய நிறுத்திடலாம்.”

அவள் சிரிக்கவில்லை. “ஈயமும் உண்டு. லிமிட் எவ்வளவுன்னு பக்கத்துல எழுதியிருக்கு, பாத்துக்கோங்க. அபிப்பிராயம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லா.”

தாளை மடித்துக்கொண்டு வாசல்வரை போனேன். நாக்கு நுனியில் இன்னொரு ஜோக் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.

“ஜிஜி, என் ஆத்துக்காரிக்கு ஏழாம் மாசம். இந்தத் தண்ணியத்தான் குடிச்சுண்டிருக்கா. குடிக்கலாமா?”

ஜிஜி கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“குடிக்கக் கூடாது சேட்டா. எவ்வளவு கொதிக்க வச்சாலும் ஈயம் போவாது. சமையலுக்கும் எடுக்காதீங்க. இன்னைக்கே சேச்சிகிட்ட உள்ளதச் சொல்லி, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், ரத்தத்துல ஈயம் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.”