ஏழாவது ஜுப்பா

பழவேற்காட்டு வெயிலில் கம்பளி ஜுப்பா போட்டுக்கொண்டு நடக்கிற ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க முடியாது. ஏரிக்காற்று வீசும்போதே மெல்லிய மல் துணி ஜுப்பாகூட முதுகில் ஒட்டிக்கொள்கிற ஊர் அது. சைதாவுக்கும் அது தெரியும். தெரிந்ததுதான் அவளுக்கு வினையாக வந்தது.

சைதாவைக் கட்டிய ஹனீப் கப்பலேறியபோது கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கப்பலில் கரி அள்ளிப் போடுகிற வேலை. சுற்றிச் சுற்றிக் கடைசியில் சீமையில் கார்டிஃப் என்கிற துறைமுகத்தில் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டான். எட்டு வருஷம். அந்த எட்டு வருஷமும் சைதா தன் அண்ணன் அப்துல் ஜப்பார் வீட்டுப் பின்கட்டில் இருந்தாள். அண்ணன் ஒரு சொல் சொன்னதில்லை. அண்ணிதான், மீன் வாங்கி வந்தால்கூட, "உம் புருசன் வந்தா தனியா ஆக்கிக்கோ" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

சித்திரை வெயிலில் ஹனீப் வந்து இறங்கினான். "இனிமே போவல சைதா. போதும்" என்று வந்த அன்றைக்கே சொன்னான். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு எதிரில் குப்புராஜ் என்பவருடைய ரூம் ஒன்று காலியாக இருந்தது. முன்பக்கம் கடை வைக்கலாம், பின்பக்கம் குடித்தனம் பண்ணலாம். அப்துல் ஜப்பார் பேசி முடித்து, சாவியைக் கையோடு வாங்கிவந்து தங்கையிடம் கொடுத்தார். சைதா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். குளிக்கும்போது மட்டும்தான் அவிழ்ப்பாள்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. கார்டிஃபில் ஹனீபோடு தங்கியிருந்தவர்கள் பெருநாளுக்கு ஜுப்பா கேட்டிருந்தார்கள். அசன் முகைதீன் என்கிற கூட்டாளி திரும்பவும் கப்பலேறப் போகிறார். தைத்துக் கொடுத்தால் அவர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

"அங்க கடையில கோட்டும் பேண்டும்தான் தொங்கும். பெருநாளைக்கி தொழுதுட்டு எல்லாரும் ஒண்ணா ரோட்ல நடந்து போவோம். அன்னிக்கி ஒரு நாளு வெள்ளக்காரன் ஒதுங்கி நின்னு எங்கள பாப்பான். கிழிஞ்ச ஜுப்பாவோட எப்டி நடக்கிறது?" என்றான் ஹனீப்.

ஹனீபும் சைதாவும் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போனார்கள். பழவேற்காட்டிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் அங்கே துளசிராமன்தான் தைப்பார். துணியும் அவரே விற்பார், மெஷினும் அவரே மிதிப்பார்.

"வா நைனா, சீமை பாய்! இன்னா, தொரைமாருக்கு கோட்டு தைக்கணுமா?"

"ஜுப்பா. ஆறு பேருக்கு."

"அளவு கொண்டாந்தியா?"

"கண்ணுலயே இருக்குது" என்று ஹனீப் எழுந்து நின்றான். "மொதல்ல சோமாலிக்காரரு. உன் கடை வாசப்படியில தல இடிக்கும், அவ்ளோ ஒசரம். ஆனா ஒல்லி. கை நீட்டமா வெய்யி."

"பனமரத்துக்கு தைக்க சொல்ற."

"அடுத்தது ஏமன் நாட்டு பெரியவரு. எங்களுக்கு தொழ வெக்கிறவரு. என் தோளுக்கு நாலு விரக்கட கீழ. முதுகு கூனு, பின்னால கொஞ்சம் எறக்கி வெட்டு, இல்லாட்டி தூக்கிக்கும்."

இப்படியே ஒவ்வொருவரையும் கையால் காற்றில் வரைந்து காட்டினான். எல்லாருக்கும் கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும், அங்கே ரோடு எப்போதும் ஈரம். உள்ளே கோட்டுப் போட்டு மேலே இதைப் போடுவார்கள், அக்குளில் தாராளமாக விட வேண்டும். பெரியவருக்கு மட்டும் வெள்ளை. மற்றவர்களுக்குச் சாம்பல் நிறம், கரிப்புகை தெரியாது.

சைதா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். அவள் காலில் ஹனீப் சீமையிலிருந்து வாங்கி வந்த செருப்பு. இரண்டு விரல் பெரியது. "நான் இன்னும் வளருவேன்னு வாங்கினீங்களா?" என்று அவன் கொடுத்த அன்றைக்கே கேலி பண்ணியிருந்தாள். முன்னால் துணி அடைத்துத்தான் போட்டு வந்திருந்தாள்.

ஆறு பேருக்கும் சொல்லி முடித்தபோது ஹனீபின் கண் மேல்தட்டுக்குப் போனது. "மேல அது இன்னா துணி?"

"அத்த கேக்காத நைனா. கம்பளி கலந்தது. ஊட்டிக்கு போற தொரை ஒருத்தரு சொல்லி வெச்சிட்டு, வாங்காமயே ஊருக்கு போயிட்டாரு. எலி கூட கடிக்க மாட்டேங்குது."

ஹனீப் அதை இறக்கச் சொல்லி வாங்கினான். கன்னத்தில் வைத்துப் பார்த்தான். "இதுல ஒண்ணு தை."

"ஆறு பேருன்னியே?"

"ஒருத்தர மறந்துட்டேன்."

"ஆளு எப்டி?"

இந்தத் தடவை ஹனீபின் கை மேலே எழும்பவில்லை. "என் சைசுதான். என்ன வெச்சே எடு."

துளசிராமன் டேப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். தோளில் வைத்தவர் நின்றார். "நைனா, உனுக்கு எடது தோளு எறங்கிக்கினு கீது. அந்த ஆளுக்கு சமமா வெக்கட்டுமா?"

"இல்ல, எறக்கியே வெய்யி" என்றான் ஹனீப் பட்டென்று. சொன்ன பிறகுதான் வாயை மூடினான்.

கப்பலில் இரும்புச் சங்கிலி விழுந்து முறிந்து, கோணலாகக் கூடின தோள் அது. வந்த நாளிலிருந்து சைதா அதற்குத் தைலம் தேய்த்துவிடுகிறாள். "குளுரு வந்தாத்தான் நோவும், இங்க ஒண்ணும் இல்ல" என்று அவன்தான் சொல்லியிருந்தான். அந்தப் பள்ளம் அவள் உள்ளங்கைக்குத் தெரியும்.

துளசிராமன் அந்த அளவையும் சீட்டில் குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது கவரைப்பேட்டையில் இறங்கி, ரூமைப் பெருக்கிவிட்டுப் போவதாகப் பேச்சு. ரயில் நின்றது. சைதா எழுந்திருக்கவில்லை.

"எறங்கலியா?" என்றான் ஹனீப்.

"எதுக்கு?"

ரயில் நகர்ந்தது. ஸ்டேஷன் வேலிக்கு அந்தப் பக்கம், பூட்டியிருந்த அந்த நீலக் கதவு வந்து பின்னால் போயிற்று.

"ஏழாவது ஆளுக்கு பேரு இன்னாங்க?"

"ஏமாத்தணும்னு வரல சைதா. தங்கிடலாம்னுதான் வந்தேன். சத்தியமா."

"அப்பறம்?"

"இங்க நான் ஜப்பார் ஊட்டு மாப்ள. பஜார்ல எவனுக்கும் எம்பேரு தெரியல. அங்க நான் இல்லன்னா அந்த பெரியவருக்கு தொழுவுறதுக்கு முன்னால ஒளு செய்ய, கை கால் கழுவ, சுடுதண்ணி வெக்க ஆளு இல்ல."

"எனுக்கு யாரு இருக்காங்க?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"என்னையும் இட்டுக்கினு போங்க."

"ஒரே ஊட்ல ஆறு ஆம்பளைங்க, என்னோட ஏழு. உன்ன எங்க வெக்கிறது?"

"எனுக்கும் ஒரு ஜுப்பா தச்சிடுங்க. எட்டாவது ஆளா வரேன்."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ் ஏறி, வீடு வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த வாரம் ஜுப்பாக்கள் வந்தன. அசன் முகைதீனோடு ஹனீபும் கிளம்புகிறான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. அண்ணி அன்றைக்கு மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் சைதா கம்பளி ஜுப்பாவை மட்டும் எடுத்து உள்புறம் திருப்பிப்போட்டாள். இடது தோளில் தையலைப் பிரித்து, இலவம்பஞ்சை மெல்லிசாகப் பரப்பி, மேலே மல் துணி வைத்துத் தைத்தாள். ஹனீப் வந்து நின்று பார்த்தான்.

"இன்னா பண்ற?"

"குளுருல நோவும்னு சொன்னீங்களே."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "அடுத்த நோன்புக்கு வந்துடுவேன் சைதா."

"ஊசியில நூலு கோத்து குடுங்க. எனுக்கு வெளிச்சம் பத்தல."

அவன் கோத்துக் கொடுத்தான். அவனுக்கும் இரண்டு மூன்று தடவை தவறிப்போய்த்தான் நூல் நுழைந்தது. அவள் தைத்து முடித்து, பல்லால் நூலைக் கடித்து, உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தாள். பள்ளம் நிரம்பியிருந்தது. மடித்து, மற்ற ஆறு ஜுப்பாக்களுக்கும் மேலே வைத்து மூட்டையைக் கட்டினாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஹனீப் போனான். அப்துல் ஜப்பார் மூட்டையைத் தூக்கி பஸ் மேல் போட்டார். பிறகு சைதாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு கவரைப்பேட்டைக்குப் போய், குப்புராஜிடம் ரூம் வேண்டாமென்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்.