மாடி வீட்டில் சுவரொட்டி வறுவல்

என் தங்கை ரமாபாய்க்கு உடம்பில் ரத்தம் பத்தவில்லை என்று நர்ஸ் ஃப்ளோரன்ஸ் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம்தான். ஏழு மாதக் கர்ப்பிணி. வீட்டில் பாலுக்குக் குறைவில்லை, ஆப்பிளுக்குக் குறைவில்லை. கொழுகொழு குழந்தைப் படம் போட்ட சத்து மாவு டப்பா வேறு அலமாரியில் கொலு வீற்றிருக்கிறது. அப்புறம் ரத்தம் எங்கே போனது?

“மாத்திரைய எதோட போடுற?” என்று ஃப்ளோரன்ஸ் கேட்டார்.

“பாலோட சிஸ்டர். அவருதான் சத்து மாவு கலக்கிக் குடுப்பாரு.”

ஃப்ளோரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு விழுங்கினால் உடம்பில் சரியாக ஒட்டாதாம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தாலும் அதே கதிதானாம். டீயா? வியாசர்பாடியில் சாப்பிட்டுவிட்டு டீ குடிக்காமல் எழுந்தவர் யார்? எனக்கு டீ மேலேயும் கோபம் வந்தது.

“எலுமிச்சம்பழத்தத் தண்ணியில பிழிஞ்சு அதோட மாத்திரையப் போடும்மா. முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஈரல், சுவரொட்டி, எல்லாம் நல்லா சாப்பிடு. அடுத்த மாசமும் இப்படியே வந்தா இங்க பிரசவம் பாக்க மாட்டோம், பெரியாஸ்பத்திரிதான். கொஞ்சம் ரத்தம் போனாலும் நீ தாங்க மாட்டே.”

ரத்தம் போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அம்மா ரமாவைப் பெற்ற அன்றே ரத்தம் போய்ச் செத்தவள். அன்றிலிருந்து ரமா நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளையும் அப்படிப் பறிகொடுக்க நான் தயாராக இல்லை.

சுவரொட்டி என்பது மண்ணீரல். எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் ஒருத்தி முழுகாமல் இருந்தால், புளியந்தோப்புக் கறிக்கடைக்குப் போகிறவர்கள் அவளுக்கும் சேர்த்து ஒரு சுவரொட்டி வாங்கி வருவார்கள். கேட்டு வாங்குவதில்லை, கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதுமில்லை. மாட்டுச் சுவரொட்டிதான். ஆட்டில் அது கையகலம்கூட இருக்காது. அதையும் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஓட்டல்காரர்கள் சொல்லி வைத்து வாங்கிப் போய்விடுவார்கள்.

ரமாவுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. அவள் வாக்கப்பட்டது என்னவோ எங்கள் பிளாக்குப் பையன் பீம்ராவுக்குத்தான். ஆனால் எண்ணூரில் ஒரு கம்பெனியில் அவனுக்கு கிளார்க் வேலை கிடைத்ததும், திருவொற்றியூரில் அய்யாத்துரை அண்ணாச்சியின் மளிகைக் கடைக்கு மேலே மாடி வீடு பார்த்துக் குடி போய்விட்டான். வீடு கேட்கப் போன அன்று அண்ணாச்சி சம்சாரம் உச்சிமாகாளி கேட்டது ஒரே கேள்விதான்: “பெரிய கறி சமைப்பியளா?” மாட்டுக்கறிக்குத்தான் அந்தப் பெயர். இவன் சொன்ன பதில்: “சேச்சே!”

அந்த ‘சேச்சே’யை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். வீடு கிடைக்காத கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் சேச்சேயா? பீம்ராவ் என்று பெயர் வைத்த அப்பன் காதில் விழுந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார். பல் முளைத்த நாளாக அவன் தின்று வளர்ந்ததே அதைத்தானே!

நான் சமைத்துக்கொண்டு போன டப்பாக்களை அவன் திறக்கவே விடவில்லை. “வாசன கீழ போவும்க்கா, பேஜாராயிடும்” என்று என் பையிலேயே திருப்பி வைத்தான். ரமா ஒரு வார்த்தை பேசமாட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவாள், நடுவில் நின்று மூச்சு வாங்குவாள். எனக்குப் பார்க்கப் பொறுக்காது.

ஃப்ளோரன்ஸ் சொன்ன அடுத்த ஞாயிறு நான் சமைத்து எடுத்துப் போகவில்லை. சுவரொட்டியைப் பச்சையாகவே வாங்கி வாழையிலையில் சுற்றி, முருங்கைக்கீரையும் கேழ்வரகு மாவும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

“அக்கா, இன்னாக்கா இது!” என்று பீம்ராவ் பதறினான்.

“உம் பொண்டாட்டிக்கு ரத்தம். தள்ளு நைனா, அடுப்பு கிட்ட வேல கீது.”

அடுப்பில் நேராகப் பிடித்துச் சுவரொட்டியை லேசாக வாட்டினேன். அப்படி வாட்டினால்தான் மேல் சவ்வு சுருண்டு கையோடு வரும். துண்டு போட்டு மஞ்சள் தூளும் உப்பும் பிசறி வைத்தேன். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை வதங்கியதும் துண்டுகளைப் போட்டு, மிளகையும் சீரகத்தையும் இடித்துத் தூவினேன். அடுப்பில் அதிகநேரம் விடக் கூடாது, விட்டால் ரப்பர்தான். பக்கத்து அடுப்பில் கீரை பிசைந்த கேழ்வரகு அடை வெந்துகொண்டிருந்தது. ரமா சமையலறை வாசலில் நின்று வாசனையை மூச்சோடு இழுத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் பசியைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து உச்சிமாகாளி மேலே வந்தார். முந்தானையில் நெல்லிக்காய் கொண்டுவந்திருந்தார்.

“பிள்ளத்தாச்சிக்கு நல்லதுன்னு எடுத்துட்டு வந்தேன். என்ன வாசம் இது, சுவரொட்டியா?” அவர் முகம் மலர்ந்தது. “எம் மவ முழுகாம இருந்தப்ப நானும் இதத்தான் செஞ்சு போட்டேன். தீயில வாட்டுனியளா?”

“வாட்டினேன்மா.”

“நல்லது. நாங்க கடைசியில ரெண்டு சொட்டு எலுமிச்ச பிழிவோம். ரத்தம் ஊறும் பாத்துக்கோ.”

நர்ஸ் சொன்னதையே இவரும் சொல்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது, உண்மையைச் சொல்கிறேன். எலுமிச்சம்பழத்தை நறுக்கி வாணலியில் பிழிந்தேன். அவர் என் தோளை ஒட்டி நின்று உள்ளங்கையை நீட்டினார். “ஒரு துண்டு போடு தாயி, உப்பு பாத்துச் சொல்லுதேன்.”

என் கரண்டி அப்படியே நின்றது.

கூடத்திலிருந்து பீம்ராவ் குரல் கொடுத்தான். “போடுங்கக்கா! ஆட்டு சுவரொட்டிதான, அவங்களும் சாப்புடட்டும்!”

அடப்பாவி! வீட்டுக்காக அவன் பொய் சொல்லிக்கொள்ளட்டும், அது அவன் பாடு. ஒருத்தர் வேண்டாம் என்று வைத்திருப்பதை ஏமாற்றி அவர் வாயில் போடுவதா? நம் தட்டில் எவனும் கை வைக்கக் கூடாது என்று கத்துகிறவள் நான். அடுத்தவர் நாக்கில் நான் பொய்யை வைப்பேனா?

“ஆடு இல்லம்மா, மாடு” என்றேன். “உங்களுக்கு வேணாம். எந் தங்கச்சிக்கு வேணும்.”

நீட்டிய கை சட்டென்று பின்னால் போனது. உள்ளங்கையைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். ஒரு சொட்டு எண்ணெய்கூட அதில் படவில்லை. எதைத் துடைத்தார்? என் பேச்சையா?

“சேச்சேன்னு சொன்னாரே உங்க தம்பி. நம்பித்தான வீட்டக் கொடுத்தோம்?” அவர் குரல் நடுங்கியது. ஏமாந்த வருத்தமும் அதில் இருந்தது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். “ஒண்ணாந்தேதிக்குள்ள காலி பண்ணிருங்க. எங்க வீட்டு அவிய காதுல விழுந்தா இன்னைக்கே பண்ணச் சொல்லுவாவ.” நெல்லிக்காயை மேடையில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அதே மிளகு, அதே சீரகம், அதே எலுமிச்சை. அரை நிமிஷத்துக்கு முன் ரத்தம் ஊறும் என்று வாயாரச் சொன்ன வறுவல், ஒரு சொல் மாறியதும் தீட்டாகிவிட்டது. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை எது ஆடு எது மாடு என்று விசாரித்தா ரத்தம் வாங்கிக்கொள்கிறது? கேட்டால் வழக்கம் என்பார்கள். உங்கள் வழக்கம் உங்கள் அடுப்பில் இருக்கட்டும். வாடகைக்கு விட்ட அடுப்பில் அதற்கு என்ன வேலை?

பீம்ராவ் உள்ளே வந்தான். முகம் கருத்திருந்தது.

“இப்ப சந்தோசமாக்கா? ஆடுன்னு ஒரு வார்த்த. அத சொல்ல வாய் வரலையா உனுக்கு? இந்த வூட்ட புடிக்க நான் எவ்ளோ நாயா அலஞ்சேன் தெரியுமா? இப்ப வூடு போச்சே!”

நான் வாயைத் திறப்பதற்குள் ரமா பேசினாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவனிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

“வூடு போனா வேற வூடு பாத்துக்கலாம்யா. நான் போனா? எங்கம்மா போன மாதிரி நானும் போயிட்டா? வேற ஒருத்திய பாத்துப்பியா?”

“ஏய், இன்னாடி பேச்சு இது…”

“பாத்துப்பேன்னு சொல்லு. இத நானே எடுத்துனு போயி கீழ கொட்டிட்டு வந்துடறேன்.”

 அவன் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். ரமா மெதுவாகத் தரையில் உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டாள். அடையைப் பிட்டு, சுவரொட்டித் துண்டை உள்ளே வைத்து மடித்து வாயில் போட்டு, கண்ணில் நீர் வழிய வழிய மென்றாள்.

“அக்கா, இன்னும் கொஞ்சம் வை” என்றாள்.