பல்லி அழித்த கோடு

என் மச்சினன் மனந்திரும்பிவிட்டான் என்று சபையில் எல்லோரும் நம்பினார்கள். நான் நம்பவில்லை. என் வலது கால் நம்பவிடவில்லை என்று சொன்னால் இன்னும் சரி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டட வேலையில் அவன் கட்டிய சாரத்தில் ஏறினேன். ஒரு கிளாம்பில் நட்டைக் கையால் திருகிவிட்டு, ஸ்பேனர் போட்டு முடுக்காமல் டீ குடிக்கப் போயிருந்தான். பைப் வழுக்கியது. இரண்டு மாடி உயரம். எலும்புக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்தவன் வாசலோடு திரும்பிப் போனான். அப்புறம் ஆளையே காணோம்.

இப்போது வந்திருந்தான். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தான். திங்கட்கிழமை பார்த்தால் நான் மேஸ்திரியாக இருக்கும் அதே கட்டடத்தில் நிற்கிறான். ஆள் பற்றாக்குறை, சூப்பர்வைசர் சேர்த்துவிட்டார். ஏணி இல்லாமல் பைப்பைப் பிடித்தே மேலே போய்விடுவான். அதனால் அவனுக்குப் பல்லி என்று பெயர்.

"என் தம்பிங்கறதுக்காகச் சொல்லல," என்றாள் மனைவி. "உங்களுக்காகத்தான் சொல்றேன். மன்னிச்சு விடுங்க. மனசுல பகையை வெச்சுக்கிட்டு அப்பம் எடுக்கக் கூடாதுன்னு, திருவிருந்துத் தட்டு வந்தா மூணு வருஷமா அப்படியே பக்கத்து ஆள்கிட்ட தள்ளி விடுறீங்க. எனக்கு மானம் போகுது."

"உடைஞ்ச கால் உன்னோடதா?"

"அந்தக் காலுக்குத் தினமும் தைலம் தேய்க்கிறது யாராம்?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில் மன்னிப்பு பற்றி ஒரு வரி வரும். அந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். மனுஷனிடம் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன். கடவுளிடம் எதற்கு?

வேலையில் ஒரு முறை உண்டு. சாரம் கட்டி முடிந்ததும் மேஸ்திரி ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரைப் போட்டு, முடுக்கும் பக்கமாக ஒரு அழுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் பைப்பில் மஞ்சள் சாக்பீஸால் ஒரு கோடு. எல்லா மூட்டிலும் கோடு விழுந்தால் சூப்பர்வைசர் பச்சை அட்டை மாட்டுவார். அப்புறம்தான் அடுத்தவன் ஏறலாம்.

பல்லிக்கு மட்டும் நான் தனி முறை வைத்திருந்தேன். அவன் முடுக்கியதை முழுசாகக் கழற்றி, மரை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, என் கையாலேயே திரும்ப முடுக்குவேன். இரட்டை வேலை. கூட இருந்தவர்களுக்குச் சிரிப்பு.

"என்ன மேஸ்திரி, பல்லி நட்டுக்குள்ள முட்டை கிட்டை வெச்சிருக்கானா?"

பன்னிரண்டு நாள் தேடினேன். ஒரு குறை கிடைக்கவில்லை. அதுதான் என்னை அதிகமாக அரித்தது. இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவன் மனசில் என்னமோ வைத்திருக்கிறான். என் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைப்பான். நான் கொட்டிவிட்டு வேறு பிடித்துக்கொள்வேன். அவன் பார்த்துக்கொண்டுதான் நிற்பான், ஒன்றும் கேட்கமாட்டான். கேட்காததும் ஒரு நடிப்பாகத்தான் எனக்குத் தெரிந்தது.

பதின்மூன்றாம் நாள், பின்சுவர்ச் சாரத்தில் மூன்றாவது தட்டு. பல்லி முடுக்கிய நட்டு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கீழே பெயிண்டர் என்னவோ சொல்ல, பல்லி சிரித்தான். என் நடையைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று பட்டது. எட்டிப் பார்த்தேன். அவர்களைப் பார்த்தபடியே கோடு போட்டேன். அடுத்த மூட்டுக்கு நகர்ந்தேன்.

மதியம் பச்சை அட்டை மாட்டினார்கள். பெயிண்டர் ஏறினார். கொஞ்ச நேரத்தில் பைப் ஒரு சாண் கீழே இறங்கியது. பலகை சாய்ந்து பெயிண்ட் வாளி தரையில் விழுந்து வெடித்தது. பெயிண்டர் செங்குத்துப் பைப்பைக் கட்டிக்கொண்டு கத்தினார். மூன்று பேர் சேர்ந்து இறக்கினோம். அடி இல்லை, உயிர் இருந்தது, அவ்வளவுதான்.

பல்லி அதற்குள் மேலே போய்விட்டான். நானும் காலை இழுத்துக்கொண்டு ஏறினேன். ஒரு தட்டு கீழே இருக்கும்போதே பார்த்துவிட்டேன். அந்த மூட்டுக்கு முன்னால் குனிந்து, கட்டைவிரலில் எச்சில் தொட்டு, பைப்பை அழுத்தித் துடைக்கிறான்.

தடயத்தை அழிக்கிறான். பிடிபட்டான்! எனக்கு வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

"கையைக் காட்டுடா."

காட்டவில்லை. நானே பிடித்து விரித்தேன். கட்டைவிரல் மஞ்சளாக இருந்தது. அந்தக் கட்டடத்தில் மஞ்சள் சாக்பீஸ் என் பையில் மட்டும்தான் உண்டு. அவன் அழித்தது என் கோட்டை.

நட்டு மரையின் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது. காலையில் நான் கழற்றியது. எட்டிப் பார்த்தது. முடுக்காமலே கோடு போட்டது. எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அந்தக் கோடு இருந்தால் பழி என்மேல்தான். பைப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா அழிச்ச?"

"விடுங்க மச்சான்."

"எனக்குப் பிச்சை போடுறியா?"

"இல்ல மச்சான். ஒரு ஆளை விழ வெச்சவன்னு நாலு பேரு பார்ப்பாங்க பாருங்க, அந்தப் பார்வை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அது உங்களுக்கு வேண்டாம்."

கீழேயிருந்து சூப்பர்வைசர் கத்தினார். "அந்த மூட்டை யாருடா கட்டினது?"

"நான்தான் சார்," என்றான் பல்லி.

"மறுபடியுமா? உன் மச்சான் காலை வாங்கினது பத்தாதா? இறங்கு. சாமானை எடுத்துட்டுக் கிளம்பு!"

அவன் இறங்க ஆரம்பித்தான். மூன்று வருஷமாக நான் கேட்டது இதுதான். நான் வாயைத் திறக்க வேண்டியதுகூட இல்லை, மூடிக்கொண்டிருந்தாலே போதும். அதில்தான் எனக்கு நல்ல பழக்கமாயிற்றே. அவன் தலை எனக்குக் கீழே போய்விட்டது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சார்!" கீழே பார்த்துக் கத்தினேன். "அவன் சரியாத்தான் முடுக்கினான். நான் கழற்றினேன். திரும்ப முடுக்கல. கோடு என்னுது."

பெயிண்டர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரியும்.

சூப்பர்வைசர் என் சாக்பீஸைப் பிடுங்கிப் பல்லி கையில் திணித்தார். நான் மேஸ்திரி இல்லை. ஒரு மாசம் பைப் தூக்கி, கிளாம்ப் போட வேண்டும். வெளியே அனுப்பாமல் விட்டதே பெரிசு.

மறுநாள் நான் முடுக்க, பல்லி சரிபார்த்தான். என் முதல் மூட்டுக்கு வந்தான். கழற்றுவான் என்று எதிர்பார்த்தேன். கழற்றினால் என்ன தப்பு? ஸ்பேனரைப் போட்டான். முடுக்கும் பக்கமாக ஒரே அழுத்து. கோடு போட்டான். நகர்ந்துவிட்டான்.

"ஒழுங்கா பாருடா," என்றேன்.

"பார்த்தாச்சு மச்சான்."

அவன் நிரப்பி வைத்த பாட்டிலை எடுத்துக் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அந்த வரி வந்தது. மனைவி ஓரக்கண்ணால் பார்த்தாள். பின்வரிசையில் அவன் குரல் கேட்டது. இன்னும் நடிக்கிறானோ என்று ஒரு நினைப்பு வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். காலும் வலித்தது. ஆனாலும் வாயைத் திறந்தேன். பாதி வரிதான் வெளியே வந்தது.

தட்டு வந்தது. ஒரு துண்டு அப்பம் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் தள்ளவில்லை. திரும்பி, பின்வரிசைக்கு நீட்டினேன்.