நேராக நட்ட நாற்பத்தேழு கற்கள்

எங்கள் கிரெஸ்லர் கவுண்டியை, அதாவது மாவட்டத்தை, மேலேயிருந்து பார்த்தால் சதுரங்கப் பலகை மாதிரிதான் இருக்கும். தெற்கு வடக்காக மைலுக்கு ஒரு சாலை, கிழக்கு மேற்காக மைலுக்கு ஒரு சாலை. நெப்ராஸ்காவின் இந்த மூலையில் வளைந்து போவது வால்நட் ஓடை ஒன்றுதான். அதையும் எங்கள் தாத்தாக்கள் நிமிர்த்தப் பார்த்துத் தோற்றார்கள். மக்காச்சோள வரிசை லேசாகக் கோணிப்போனால் போதும், அந்த வாரம் முழுக்க காபிக்கடையில் அதுதான் பேச்சு. "ஏம்ப்பா, இந்த வருஷம் டிராக்டர ஒம்பொண்டாட்டியோட நாய் ஓட்டுச்சா?" என்று கேட்டே ஆளை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். இப்படி ஒரு ஊரில் பிறந்தவன் என்ன தப்பு செய்வானோ அதைத்தான் நானும் செய்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

என் பெயர் டெல்மர் ஹவ்ரனெக். கவுண்டி சாலைத் துறையில் முப்பத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பழைய சிறைச்சாலைக் கட்டடத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தின் சாவி இப்போது என் பையில்தான் இருக்கிறது. யார் வந்தாலும் கவுண்டியின் கதையை ஆரம்பத்திலிருந்து எடுத்து விடுவேன். வடக்கே குடியேறிய எங்கள் செக்காரர்கள், தெற்கே ஜெர்மன்காரர்கள், நடுவில் யாரோடும் ஒட்டாத ஸ்வீடன்காரர்கள். அப்புறம் வின்ஃபோர்ட் ஆட்கள் ரஸ்டன் ஊருக்குள் புகுந்து, நீதிமன்றப் பதிவேடுகளை மாட்டு வண்டியில் அள்ளிக்கொண்டு வந்து, தங்கள் ஊரையே தலைநகராக்கிக்கொண்ட கதை. நான் வின்ஃபோர்ட்காரன். அந்தத் திருட்டை நாங்கள் இன்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வோம்.

ஒன்றை மட்டும் முப்பத்தாறு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

ஊருக்கு மேற்கே மூன்று மைலில் கவுண்டியின் ஏழைப் பண்ணை இருந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள், நோயாளிகள், வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள் எல்லாரும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்வார்கள். செத்தவர்களைப் பின்பக்க மேட்டில் புதைத்து, செங்கல் அளவு சிமென்ட் கல்லில் ஒரு எண்ணைப் பதித்து நட்டுவிடுவார்கள். கல்லில் பெயர் கிடையாது. எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்பது பதிவேட்டில் இருக்கும். மொத்தம் நாற்பத்தேழு கற்கள்.

1976 மே மாதம் எனக்கு இருபத்து நான்கு வயது. நாட்டுக்கு இருநூறாவது பிறந்தநாள் வருகிறது, இடுகாட்டைச் சுத்தம் பண்ணு என்று என்னை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் கற்கள் கண்ட இடத்தில் கிடந்தன. ஒன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் பத்தொன்பது, அதற்கு மேற்கே நாற்பது, தள்ளி ஒரு மூலையில் ஐந்து. புல் வெட்டும் இயந்திரம் ஒவ்வொரு கல்லாகச் சுற்ற வேண்டியிருந்தது. குழிவெட்டிகள் குடித்துவிட்டு நட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கடப்பாரையால் எல்லாவற்றையும் நெம்பி எடுத்து வண்டியில் போட்டேன். நிலம் அங்கங்கே உள்வாங்கியிருந்தது. ஆறு லோடு மண் அடித்து நிரவினேன். பிறகு கயிறு பிடித்து, ஒன்றிலிருந்து நாற்பத்தேழு வரை, வரிசைக்கு எட்டாக நட்டேன். கடைசி வரிசையில் ஏழு.

ஊரே பாராட்டியது. கவுண்டி வரலாற்றுப் புத்தகத்தில் படம் போட்டார்கள். என் அம்மா அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினாள்.

ஏழு வருடம் கழித்துப் பண்ணை மேலாளரின் நாட்குறிப்பு ஒன்றை யாரோ அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். ஓய்வு நேரத்தில் அங்கே உதவிக்குப் போவேன், நின்றபடியே புரட்டினேன். "ஜனவரி. பனியில் உறைந்து நிலம் இரும்பாகக் கிடக்கிறது. கடப்பாரை இறங்கிய இடத்தில் தோண்டினோம்." அடுத்த குளிர்காலத்திலும் அதே வரி. அதற்கடுத்ததிலும். யாரும் குடித்துவிட்டு நடவில்லை. எண் எங்கே இருந்ததோ அங்கேதான் ஆள் இருந்தார். நான் கல்லையும் பிடுங்கி, குழியின் அடையாளத்தையும் மண் போட்டு மூடியிருந்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நாட்குறிப்பை ஒரு பெட்டியின் அடியில் போட்டு, மேலே பழைய செய்தித்தாள்களை அடுக்கினேன்.

அதற்குப் பிறகு பதினான்கு குடும்பங்களை அந்த மேட்டுக்கு நானே அழைத்துப் போயிருக்கிறேன். "இதோ, உங்க கொள்ளுப்பாட்டி" என்று விரலை நீட்டியிருக்கிறேன். ஒமாஹாவிலிருந்து வந்த ஒரு பெண் கண்ணாடி ஜாடியில் மண் அள்ளிக்கொண்டு போனாள். நான்தான் மூடியைத் திருகிக் கொடுத்தேன். இதற்கெல்லாம் பிராயச்சித்தம் போலப் பதிவேட்டைத் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டேன். பெயர்களாவது சரியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் வெர்ன் வந்தார்.

வெர்ன் ஸ்டென்சனுக்கு எண்பத்தைந்து வயது. ஆரிகனில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர், இரண்டு விரல் கிடையாது. மே மாதக் கடைசியில், கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நினைவு நாளுக்கு முந்தைய வியாழக்கிழமை மகள் மார்லாவோடு வந்து இறங்கினார். நான் வழக்கம்போல செக்காரர்களில் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கதையெல்லாம் அப்புறம் கேக்கறேன். எங்கம்மா எங்க?"

ஒலீவ் ஸ்டென்சன், எண் இருபத்து மூன்று, 1938 ஜனவரி, காசநோய். மூன்றாவது வரிசையில் ஏழாவது கல். என் கால் தானாகவே அங்கே போய் நின்றது. பழக்கதோஷம்.

வெர்ன் முழங்காலிட்டார். மகள் தாங்கப் போனபோது தட்டிவிட்டார். அந்தச் சிமென்ட் கல்லைத் தடவிக்கொண்டே பேசினார். நான் தள்ளி நின்றிருந்தாலும் எல்லாம் காதில் விழுந்தது.

"அம்மா, நான் வெர்ன். எனக்கு நாலு வயசுல நீ எவனோடயோ ஓடிப்போயிட்டேன்னு அப்பா சொன்னாரு. நான் நம்பிட்டேன். எம்பது வருஷமா உன்னத் திட்டிட்டே இருந்தேம்மா. உன் போட்டோவக்கூட அடுப்புல போட்டுட்டேன். நீ இங்க இருமிட்டுக் கெடந்திருக்க. எனக்குத் தெரியாமப் போச்சு. மன்னிச்சிரு."

வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். இரண்டு முறையும் தொண்டை அடைத்தது. பொய், தொண்டை ஒன்றும் அடைக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

காருக்குத் திரும்பும்போது மார்லா சொன்னாள். "நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கல்லு வருதுங்க. கிரானைட்டு. பாட்டி பேரு போட்டிருக்கு, கீழ அப்பா பேருக்கும் எடம் விட்டிருக்கு. அப்பா காலத்துக்கப்புறம் அவரோட சாம்பலையும் இங்கயே வைக்கணுமாம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

மறுநாள் காலை என் மனைவி லோரெட்டாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நாப்பத்தி மூணு வருஷமா ஒரே கட்டில்ல படுத்திருக்கோம். இப்பச் சொல்ற?"

"இப்பயாவது சொல்றேனே."

"பேசாம இரு டெல்மர். பாவம், அவர் அழுது தீத்துட்டாரு. நிம்மதியாப் போகட்டும். உன் பாரத்த எறக்கறதுக்கு அந்தக் கெழவரு தோள்தான் கெடச்சுதா?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் சொல்லாமல் விட்டால் அந்த மனிதரின் சாம்பல் யாரோ ஒருவர் பக்கத்தில் போய்ச் சேரும், அதற்கும் நான்தான் விரல் நீட்டியிருப்பேன். தொப்பியை எடுத்தேன். லோரெட்டா எழுந்தாள். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். பூத்திருந்த பியோனி பூவையெல்லாம் ஒன்று விடாமல் வெட்டி, ஒரு வாளியில் போட்டு, வண்டியில் வைத்தாள்.

"வெறுங்கையோட போகாத," என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெர்ன் மடக்கு நாற்காலியில், இருபத்து மூன்றுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க டெல்மர். நேத்து ராத்திரிதான் நல்லாத் தூங்கினேன். எத்தன வருஷமாச்சு தெரியுமா?"

வழியில் அருங்காட்சியகப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்த நாட்குறிப்பை அவர் மடியில் வைத்தேன். கடப்பாரை, கயிறு, ஆறு லோடு மண் என்று ஒன்று விடாமல் நின்றபடி சொன்னேன். என் குரல் சாலைத் துறைக் கூட்டத்தில் அறிக்கை வாசிப்பது போல இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மார்லா என் முன்னால் வந்து நின்றாள். "எங்கப்பாவுக்கு ரெண்டு தடவ இதய ஆபரேஷன் ஆயிருக்கு. ஆயிரத்தி ஐந்நூறு மைல் வந்திருக்காரு. நேத்து பக்கத்துலயே நின்னு பாத்துட்டுத்தானே இருந்தீங்க? அப்ப வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"அவன விடு," என்றார் வெர்ன். நாட்குறிப்பை அவர் திறக்கவில்லை. "அப்ப நேத்து நான் யார்கிட்ட பேசினேன்?"

"தெரியாது."

"ஆம்பளையா பொம்பளையான்னாவது?"

"தெரியாது."

"எங்கம்மா இந்த மேட்டுலதான் இருக்காளா? அதாவது தெரியுமா?"

"அது நிச்சயம். நாப்பத்தேழு பேரும் இந்த வேலிக்குள்ளதான்."

வாசலில் கல் வண்டி வந்து நின்றது. வெர்ன் மகளிடம் சொன்னார். "கல்ல வாசல்லயே எறக்கி வைக்கச் சொல்லு. இப்போதைக்கு நட வேணாம்." பிறகு வாளியைப் பார்த்தார். "அது எதுக்கு?"

"எங்க வீட்டுப் பூ."

"எடுத்துட்டு வா."

ஒன்றாம் கல்லுக்கு நடந்தார். கைத்தடியை ஊன்றிக் குனிந்து ஒரு பூவை வைத்தார். "அம்மா, நான் வெர்ன். நீ ஓடிப்போகல. எனக்குத் தெரியாமப் போச்சு. மன்னிச்சிரு." நிமிர்ந்தார், மூச்சு வாங்கினார், இரண்டாம் கல்லுக்குப் போனார். அதே சொற்கள். மூன்றாம் கல்லுக்கும் அதே சொற்கள். ஒரு வார்த்தையைக்கூடச் சுருக்கவில்லை.

வாளியோடு பின்னாலேயே போனேன். அவர் சொன்ன ஒவ்வொரு 'அம்மா'வும் என் முதுகில் விழுந்த அடி மாதிரி இருந்தது. இரண்டாவது வரிசையில் மார்லா கெஞ்சினாள். "அப்பா, போதும்ப்பா. மருந்து சாப்பிடற நேரமாச்சு." மருந்தைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கிவிட்டு நடந்தார். இருபத்து மூன்றிலும் நின்றார். நேற்று பேசியதுதானே என்று விட்டுவிடவில்லை. அங்கேயும் ஒரு பூ, அதே சொற்கள்.

இருபத்தாறில் கால் மடங்கியது. நானும் மார்லாவும் பிடித்துப் புல்லில் உட்கார வைத்தோம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மருத்துவமனைக்குப் போகலாம் என்றேன். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று விரல்தான், ஆனால் பிடி இரும்பு.

"மிச்சத்த நீ சொல்லு."

"நானா?"

"பின்ன? கலச்சவன் நீதானே."

"நான்... என்னன்னு சொல்றது?"

"நான் சொன்னதத்தான். மொணமொணக்காம சொல்லு. எனக்குக் கேக்கணும்."

தொப்பியைக் கழற்றினேன். இருபத்தேழின் முன்னால் மண்டியிட்டேன். நாற்பத்து மூன்று வருடமாகப் புல் வெட்டிய இடம், அதற்கு முன் ஒரு முறையும் அங்கே நான் மண்டியிட்டதில்லை. பூவை வைத்தேன்.

"ஒலீவ் அம்மா, உங்க பையன் வெர்ன் வந்திருக்காரு. நீங்க ஓடிப்போகலன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. முன்னாடி தெரியாமப் போச்சாம். மன்னிச்சிருங்க."

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது. வரிசைகள் போய்க்கொண்டே இருந்தன. யார் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன் என்பது எனக்கே குழம்பிப்போனது. எந்தக் கல்லுக்கு அடியில் யார் இருக்கிறார்களோ, அவர்கள் எல்லாரும் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. பூ தீர்ந்து போனது. இதழாகப் பிய்த்து வைத்தேன்.

நாற்பத்தேழில் குரல் உடைந்துவிட்டது. ஏதோ சொன்னேன், என் காதுக்கே எட்டவில்லை.

"கேக்கல," என்றார் வெர்ன் பின்னாலிருந்து. "திரும்பச் சொல்லு."

சொன்னேன்.