ஊசியின் மறுபாதி

காந்தம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மாஸ்டரம்மா அதைக் கட்டியிருந்த நாடாவை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

கடையை மூடுவதற்கு முன் தரையில் சிந்திய குண்டூசிகளைப் பொறுக்குவது மாஸ்டரம்மாவின் வேலை. தையல் மாஸ்டரின் மனைவி என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். இருபத்தாறு வருடமாகப் பித்தான் தைப்பதும் ஓரம் மடிப்பதும் அவள்தான் என்றாலும் மாஸ்டர் பட்டம் என்னவோ அவருக்குத்தான். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய சின்னக் காந்தம் ஒன்றை நாடாவில் கட்டி, நாய்க்குட்டியை நடத்திக்கொண்டு போவதுபோல் மெஷினைச் சுற்றி இழுத்து வருவாள். அன்று மாஸ்டர் வலது காலை மெஷின் மிதியிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, யாரோ ஒருவருடைய கால்சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். காந்தம் அந்தப் பாதத்தில் போய் நின்றுவிட்டது.

"காலை எடுங்க. விளையாட வேற நேரமில்லையா?"

"நான் எங்க விளையாடுறேன்? உன் நாய்க்குட்டிதான் என்னை மோப்பம் பிடிக்குது," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

அவள் குனிந்து பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே, மிதியை மிதித்து மிதித்துக் காய்த்துப் போயிருந்த இடத்தில் காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்ததும் மெல்லியதாக எதையோ கவ்விக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே கலங்கலான நீர் கோடு போட்டதுபோல் வழிந்தது. அவள் அண்ணாந்து கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

வந்தது உடைந்த மெஷின் ஊசியின் முனைப்பாதி. மூன்று வாரத்துக்கு முன் தடித்த கோட்டு ஒன்றைத் தைக்கும்போது படக்கென்று முறிந்தது. ஊசி உடைந்தால் இரண்டு பாதியும் கைக்கு வராமல் இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். கோட்டைப் புரட்டிப்போட்டு ஒவ்வொரு தையலாகத் தடவினார். வாடிக்கையாளரை இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு, அடுத்தவர் உடம்பில் ஊசி ஏறினால் அது தையல் கடையா கொலைகாரன் கடையா என்று அவள்மீது எரிந்து விழுந்தார். கடைசியில் அரைமனதோடுதான் கோட்டைக் கொடுத்தனுப்பினார். இவ்வளவு தேடிய மனிதர் தன் பாதத்தை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை.

இப்போது பித்தான் டப்பாவிலிருந்து மேல்பாதியை எடுத்து, இரண்டையும் விளக்குக்கு நேரே பிடித்து வைத்துப் பார்த்தார். முறிந்த வாயும் வாயும் அச்சாகப் பொருந்தின. அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. நல்லவேளை, கோட்டுக்குள்ள இல்ல."

"மூணு வாரமா உங்க காலுக்குள்ள இருந்திருக்குங்க."

"அதான் வலிக்கவே இல்லையே."

இந்த 'வலிக்கவே இல்லை'யைத்தானே அவள் ஒரு வருடமாகக் கொண்டாடிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடச் சர்க்கரை நோயில் நடுவில் இரண்டு வருடம் அவருக்குப் பாதம் நெருப்பாய் எரிந்தது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு அவர் புரள, அவளும் தூங்காமல் கிடந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எரிச்சல் அடங்கியது. டீயில் சர்க்கரையை நிறுத்தியது நான்தான், அதனால்தான் போனது என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாள். காலே நல்லாயிட்டேன்னு சொல்லுது, அப்புறம் டாக்டர் எதுக்கு என்று அவர் பரிசோதனைக்குப் போவதை நிறுத்தினார். மாத்திரையும் நினைத்த நாளைக்கு மட்டும் என்றானது. காய்ப்பை, தையல் பிரிக்கிற பிளேடாலேயே சீவிக்கொள்வார். கோணல் இல்லாமல் சீவியிருப்பதை அவளிடம் காட்டிப் பெருமைப்படுவார். அவளும் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் வலி இல்லை, எரிச்சல் இல்லை, தொந்தரவு இல்லை என்று நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னார். இல்லை என்று சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் இறுகிக்கொண்டே வந்ததை அவள் கவனித்தாள். டாக்டர் காய்ப்பை நீக்கிவிட்டு மழுங்கிய கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. வெளியே எடுத்தபோது நனைந்திருந்த அளவை அவள் கண்ணாலேயே அளந்தாள். முக்கால் அங்குலம் இருக்கும். மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரிச்சல் நின்னது குணமானதால இல்லம்மா," என்றார் டாக்டர் அவளிடம். "வலிக்குதுன்னு சொல்ற நரம்பே செத்துப்போச்சு."

மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள்தான் நரம்புக்குச் சோறு போடுபவை, சர்க்கரை அவற்றைத்தான் முதலில் அடைக்கிறது என்று விளக்கினார். புண் எலும்பைத் தொட்டுவிட்டதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். தொட்டிருந்தால் கட்டைவிரலை எடுக்க வேண்டிவரலாம். அதோடு நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது. அவளுக்குக் காதில் விழுந்தது, மனசுக்குள் இறங்கவில்லை. செத்துப்போனதற்கா நான் தெருவெல்லாம் சந்தோஷப்பட்டேன் என்று அந்த ஒன்றே திரும்பத் திரும்ப ஓடியது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தபோது மாஸ்டர், கட்டைவிரல் இல்லாமல் மிதியை மிதிக்க முடியுமா என்று கேட்டார். தானே சமாதானம் ஆகி, இடது கால் முழுசா இருக்கே, அதை வெச்சு ஓட்டிக்கலாம், இத்தனை நாள் சும்மா கூட மிதிச்சுட்டுத்தானே இருந்துச்சு என்றார். அப்படிச் சொன்னதில் அவருக்கே ஒரு தெம்பு வந்தது.

நர்ஸ் அம்மா வந்து அந்த இடது காலைத்தான் கேட்டாள். மாஸ்டர் தாராளமாகத் தூக்கி முக்காலியில் வைத்தார். இது நல்ல காலும்மா, இதுக்கு ஒண்ணுமில்ல என்றார். நர்ஸின் கையில் சின்னப் பிடி ஒன்றும் அதன் நுனியில் விறைப்பான நைலான் இழை ஒன்றும் இருந்தன. இழையைப் பார்த்ததும் மாஸ்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கண்ணைக் கட்டிவிட்டு விரலில் நூலைக் கொடுத்தால் அது எத்தனாம் நம்பர் என்று சொல்லிவிடுவேன் என்றார். அது உண்மையும்கூட.

"கண்ணை மூடிக்கோங்கய்யா. படுறப்ப எல்லாம் 'ம்' சொன்னா போதும்."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். மெஷினில் எங்கோ சத்தம் மாறினால் காது கொடுப்பாரே, அதுபோலத் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டார். நர்ஸ் கட்டைவிரல் நுனியில் இழையை வைத்து அழுத்தினாள். இழை வில்லாக வளைந்தது. மாஸ்டர் பேசாமல் இருந்தார். அடுத்த விரல். அதன் அடி. பாதத்தின் நடு. குதிகால். ஒவ்வோர் இடத்திலும் இழை வளைந்து வளைந்து நிமிர்ந்தது. மாஸ்டரம்மா எண்ணிக்கொண்டே வந்தாள். ஏழு, எட்டு. ஒரு 'ம்', ஒரே ஒரு 'ம்' சொல்லுங்களேன் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒன்பது. பத்து. நர்ஸ் இழையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

அவளால் தாங்க முடியவில்லை. தரையில் மண்டியிட்டு, அந்த நல்ல காலின் விரல்கள் ஐந்தையும் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். விரல்கள் குளிர்ந்திருந்தன. மாஸ்டர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நூலின் நம்பரைச் சொல்லப்போகிறவரைப்போல உதட்டில் ஒரு சிரிப்போடு காத்திருந்தார்.

"ஆரம்பிங்கம்மா," என்றார். "நான் ரெடி."