முகம் பொருந்தவில்லை

கட்டையன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுத்தான் மச்சானை அடித்தான். இரும்பால் அடித்தால் ஆள் செத்துப்போவான் என்கிற அளவுக்கு அவனிடம் புத்தி மிச்சமிருந்தது. கைக்கு அந்தப் புத்தி இல்லை. முதல் குத்தில் மூக்கு உடைந்தது. அடுத்ததில் கண்ணுக்கு மேல் தோல் கிழிந்தது. மேசை சாய்ந்து, சாலிடர் சூட்டுக்கோல் தரையில் விழுந்து புகைந்தது.

"கணக்கைப் பூட்டிட்டு எனக்கே தண்ணி காட்டுறியா?"

"நான் பூட்டல மாமா! கம்பெனிக்காரன் பூட்டிட்டான்!"

"அவனுக்கும் உனக்கும் என்ன வரப்புத் தகராறா, பூட்டுறதுக்கு?"

கட்டையனின் ரிப்பேர் கடைக்கு வந்திருந்த, ஐஸ் பேக்டரி கம்ப்ரசரை ஓட்டும் சர்க்யூட் போர்டு எரிந்துபோயிருந்தது. புதிதாகச் செய்து அனுப்பும் கம்பெனி எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிறது, ஆன்லைனில்தான் ஆர்டர் எடுக்கும். கணக்கு மச்சான் பெயரில். பேக்டரி முதலாளியான ஐஸ்காரனிடம் இன்று ஆர்டர் போடுவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. திறந்து பார்த்தால், பாதுகாப்புக் காரணமாகக் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறதாம். ஐஸ்காரன் வாக்குத் தவறியவனைச் சும்மா விடுகிறவன் அல்ல. முன்பு ஒரு வெல்டரின் முழங்காலை ஐஸ்கட்டி இழுக்கும் கொக்கியால் பிளந்தவன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி, கட்டையனின் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினாள்.

"என் தம்பியக் கொன்னுட்டு யார வச்சுய்யா கடை நடத்துவே?"

முந்தானையால் தம்பியின் மூக்கை அழுத்திக்கொண்டே திரையைப் படித்தாள்.

"நேத்து மத்தியானம் இந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்தே யாரோ திரும்பத் திரும்பத் தப்பா பாஸ்வேர்டு அடிச்சிருக்காங்க. திருடன்னு நெனச்சுப் பூட்டியிருக்கான். யாருய்யா அது?"

கட்டையனின் ஓங்கிய கை அப்படியே நின்றது. நேற்று மத்தியானம் மச்சான் சாப்பிடப் போயிருந்தான். தனக்குத் தெரியாமல் தனியாக ஆர்டர் போட்டு வியாபாரம் பண்ணுகிறானோ என்று, கட்டையன்தான் உட்கார்ந்து தட்டிப் பார்த்தான். கடைப் பெயர், பெண்டாட்டி பெயர், மச்சானைத் திட்டுகிற பெயர். ஒன்றும் திறக்கவில்லை.

"வழி போட்டிருக்கான்" என்றாள் அவள். "கணக்குக்காரன் மூஞ்சிய கேமராவுல காட்டணுமாம்."

இருவரும் மச்சானைத் தூக்கி உட்கார வைத்தார்கள். முகம் ஊறப்போட்ட ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. முகம் பொருந்தவில்லை என்றது திரை.

"கண்ணத் தொறடா!"

"தொறக்க முடியல மாமா..."

கட்டையன் இரண்டு விரலால் இமையைப் பிளந்து பிடித்தான். மச்சான் அலறினான். ரத்தம் மேசையெல்லாம் சொட்டியது. பொருந்தவில்லை. மறுபடியும் பொருந்தவில்லை. சில நாள் கழித்து முயலுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரை வாயை மூடிக்கொண்டது.

ஷட்டர் தடதடவென்று மேலே போனது. கொக்கியோடு உள்ளே வந்த ஐஸ்காரன் மச்சானைப் பார்த்து நின்றுவிட்டான்.

"எனக்கு முன்னாடியே எவன்டா வந்துட்டுப் போனது?"

மச்சான் ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கட்டையனைக் கைகாட்டினான்.

"போர்டுக்கு ஆர்டர் போட்டாச்சா?"

"இவன் மூஞ்சி ஆறினாத்தான் ஆர்டரே போடமுடியும்" என்றாள் அக்காக்காரி.

ஐஸ்காரன் ஷட்டரை உள்பக்கமாக இறக்கினான். மச்சானைத் தோளைப் பிடித்து, பூ மாதிரி, ஓரத்து ஸ்டூலில் உட்கார வைத்தான்.

"இந்த மூஞ்சிய இனிமே யாரும் தொடக்கூடாது." பிறகு திரும்பினான். "ஏன் கட்டையா, உன் மூஞ்சிய எந்தக் கம்பெனியும் கேக்கலயே?"

கட்டையன் குனிந்து ஸ்பேனரைத் தேடினான். அதன் மேல் மனைவியின் கால் இருந்தது. அவள் காலை எடுக்கவில்லை.